இஸ்ரவேலும் யூதாவும் இரு நாடுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பண்டைய அரசுகளைப் பற்றி வெளிவரும் தொடரைத் தவறாமல் வாசித்து வருகிறேன். சென்ற வாரம் இஸ்ரவேலரைப் பற்றி எழுதப்பட்டிருந்த பகுதியில், சாலொமோனின் மகன்கள் இருவர் அரியணைக்குப் போட்டியிட்டதால் நாடு இரண்டானது என்றும், வடக்கே தோன்றியது எருசலேமிலிருந்து பிரிந்துபோன ஒரு சிறிய கலக அரசு என்றும், இறுதியில் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் பன்னிரண்டு கோத்திரத்தாரையும் ஒருசேரச் சிறைபிடித்துச் சென்றான் என்றும் கூறப்பட்டிருந்தது. இம்மூன்றும் பிழையானவை. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: வடக்கே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்த ஓர் அரசை, தெற்கே இருந்த யூதாவின் கண்கொண்டு மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். தொடர் இன்னும் முடியவில்லை என்பதாலும், அடுத்த பகுதி பாபிலோன் சிறையிருப்பைப் பற்றியது என்று அறிவிக்கப்பட்டிருப்பதாலும் இதை எழுதுகிறேன்.

முதலில், வடநாட்டின் முதல் அரசனான யெரொபெயாம் சாலொமோனின் மகன் அல்லன். சாலொமோனின் மகன் பெயர் ரெகொபெயாம், இவன் பெயர் யெரொபெயாம் என்று பெயர்கள் ஒலியில் நெருங்கியிருப்பதால் பலரும் அவ்விருவரையும் உடன்பிறந்தோராக எண்ணிவிடுகின்றனர். யெரொபெயாம் எப்பிராயீம் கோத்திரத்தைச் சேர்ந்த நேபாத்தின் மகன். தாய் ஒரு விதவை. எருசலேமில் நடந்த கட்டுமானப் பணியில் அவனுடைய திறமையைக் கண்ட சாலொமோன், வடபகுதியின் யோசேப்பு வம்சத்தார் செய்யவேண்டிய கட்டாய வேலைக்கு அவனை மேற்பார்வையாளனாக நியமித்தான். ஆக, பிரிவினையின் தலைவன் அரண்மனையில் பிறந்தவன் அல்லன். தன் மக்களின் முதுகில் ஏற்றப்பட்ட சுமையை நாள்தோறும் கண்ணால் கண்ட ஓர் அதிகாரி. அரசனின் கோபத்துக்கு அஞ்சி எகிப்தின் அரசன் சீஷாக்கிடம் அடைக்கலம் புகுந்து, சாலொமோன் இறந்த பின்னரே அவன் நாடு திரும்பினான்.

அந்தச் சுமை எத்தகையது என்பதை விவிலியமே மறைக்காமல் சொல்கிறது. லீபனோனில் மரம் வெட்ட 30,000 பேர் அமஞ்சி ஆட்களாக, அதாவது கூலியில்லாக் கட்டாய வேலையாட்களாகப் பிடிக்கப்பட்டனர். மாதத்துக்குப் பத்தாயிரம் பேராக, ஒரு மாதம் லீபனோனிலும் இரண்டு மாதம் வீட்டிலும் என்று முறை வைத்து அவர்கள் அனுப்பப்பட்டனர். இவர்களைத் தவிரச் சுமை சுமந்தவர்கள் 70,000 பேர் என்றும், மலையில் கல் வெட்டியவர்கள் 80,000 பேர் என்றும் கணக்கு வருகிறது. எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டிருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. ஆனால் கூலியில்லாக் கட்டாய வேலை நடந்தது என்ற நினைவை, சாலொமோனைப் போற்றும் நூலே பதிந்துவைத்திருப்பதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நாடு பன்னிரண்டு மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஆண்டில் ஒரு மாதம் அரண்மனைக்குச் சோறு போட வேண்டியிருந்தது. ஒரு நாள் தேவைக்குப் பத்துக் கொழுத்த மாடுகள், மேய்ச்சலிலிருந்து இருபது மாடுகள், நூறு ஆடுகள், அவற்றுடன் மூட்டை மூட்டையாக மாவு என்று பட்டியல் நீள்கிறது. அந்தப் பன்னிரண்டு மாவட்டங்களின் வரிசையில் அரசனின் சொந்தக் கோத்திரமான யூதாவின் பெயர் தெளிவாகக் காணப்படவில்லை என்பதை ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டி வருகின்றனர். போதாக்குறைக்கு, கேதுரு மரமும் பொன்னும் கொடுத்த தீருவின் மன்னன் ஈராமுக்கு ஈடாக வடக்கே கலிலேயாவில் இருபது ஊர்களைச் சாலொமோன் கைமாற்றிக் கொடுத்தான். கொடுக்கப்பட்டவை வடக்கத்தி ஊர்கள்; கட்டப்பட்டவையோ பெரும்பாலும் எருசலேமின் மாளிகைகள்.

சாலொமோன் இறந்த கி.மு. 930 அளவில், பட்டம் ஏற்பதற்கு ரெகொபெயாம் எருசலேமில் இருந்துகொள்ளாமல் வடக்கே உள்ள சீகேமுக்குப் போக நேர்ந்ததைத் தங்கள் கட்டுரையாளர் கவனித்திருந்தாலே போதும், இந்தக் கதை அவருக்கு வேறு விதமாகத் தோன்றியிருக்கும். யூதாவைப் பொறுத்தவரை தாவீதின் பேரன் அரசனாவதில் கேள்வியே இல்லை. வடகோத்திரங்களோ தங்கள் சம்மதத்தைத் தாங்களே தரவேண்டும் என்று எண்ணினர். தாவீதின் காலத்திலும் இதுவே வழக்கம். அவன் முதலில் எப்ரோனில் யூதாவுக்கு மட்டும் அரசனாகி ஏழரை ஆண்டுகள் ஆண்ட பிறகுதான், இஸ்ரவேலின் மூப்பர்கள் அவனிடம் வந்து உடன்படிக்கை செய்து தங்களுக்கும் அரசனாக்கினர். அவனுடைய முதுமையில் சேபா என்பவன் எக்காளம் ஊதி எழுப்பிய அதே முழக்கம், தாவீதினிடத்தில் எங்களுக்குப் பங்கில்லை, அவரவர் கூடாரத்துக்குப் போங்கள் என்ற முழக்கம், இப்போது சீகேமில் மீண்டும் எழுந்தது. ஒன்றாயிருந்த நாடு திடீரென்று உடைந்ததாக இதைப் பார்ப்பதைவிட, இரு தரப்பினர் செய்துகொண்ட ஓர் உடன்படிக்கை முறிந்ததாகப் பார்ப்பதே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து.

சீகேமில் மக்கள் கேட்டது அரியணையை அன்று; உம்முடைய தகப்பன் வைத்த பாரமான நுகத்தை இலகுவாக்கும், உமக்குப் பணிசெய்வோம் என்பது மட்டுமே. அரசன் மூன்று நாள் தவணை கேட்டான். தகப்பனின் அவையில் இருந்த முதியவர்கள், இன்று நயமாகப் பேசினால் என்றும் உமக்கு ஊழியராக இருப்பார்கள் என்று சொன்னார்கள். உடன் வளர்ந்த இளைஞர்களோ வேறு பதிலைச் சொல்லிக்கொடுத்தார்கள். என் சுண்டுவிரல் என் தகப்பனின் இடுப்பைவிடப் பருமன், அவர் சவுக்கால் அடித்தார், நான் தேள்களால் தண்டிப்பேன் என்பது அவர்கள் தீட்டிய வாசகம். மக்கள் கலைந்து போன பிறகும் நிலைமையை உணராத ரெகொபெயாம், அவர்களைச் சமாதானப்படுத்த அனுப்பியது யாரைத் தெரியுமா? கட்டாய வேலைக்கே அதிகாரியாயிருந்த அதோராமை. அவன் கல்லெறிந்து கொல்லப்பட்டான்; அரசன் இரதத்தில் ஏறி எருசலேமுக்கு ஓடித் தப்பினான். இதை எழுதிவைத்தவர்கள் தாவீதின் வம்சத்தின் மீது பற்றுக்கொண்ட எருசலேம் மரபினர். அப்படியிருந்தும் தங்கள் அரசனின் மூடத்தனத்தையும் எதிர்த்தரப்பின் நியாயத்தையும் மறைக்காமல் பதிந்தனரே, அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். அந்த நேர்மையைக் கட்டுரையாளர் சகோதரச் சண்டையாகச் சுருக்கிவிட்டார் என்பதே என் வருத்தம்.

சாலொமோனின் ஆட்சி எவ்வளவு பெரியது என்ற கேள்வியில் தொல்லியலாளர்கள் இன்றும் உடன்படவில்லை. ஆத்சோர், மெகிதோ, கேசேர் ஆகிய ஊர்களில் கிடைத்த கோட்டை வாயில்களை யீகேல் யாதின் சாலொமோனின் காலத்தவை என்றார். இஸ்ரயேல் ஃபிங்கெல்ஸ்டீன் அவற்றைப் பிந்தைய நூற்றாண்டுக்கு, வடநாட்டு அரசர்களின் காலத்துக்குத் தள்ளுகிறார். அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், பிரிவினைக்குப் பின் வந்த வடநாட்டின் வலிமை குறித்து ஐயத்துக்கு இடமில்லை.

வளமான யெஸ்ரயேல் பள்ளத்தாக்கும், எகிப்தையும் தமஸ்குவையும் இணைத்த வணிகப் பாதையும், பெனிக்கியத் துறைமுகங்களோடு நெருக்கமும் வடக்கின் கையில் இருந்தன. யூதாவுக்கு இருந்தவை மலைநாடும், கிழக்கிலும் தெற்கிலும் வறண்ட வெளியும். விவிலியத்தில் உம்ரி என்ற அரசனுக்குக் கிடைத்திருப்பவை சில வசனங்களே: சேமேர் என்பவனிடம் இரண்டு தாலந்து வெள்ளிக்கு ஒரு மலையை வாங்கித் தலைநகர் சமாரியாவைக் கட்டினான், பொல்லாப்புச் செய்தான், இறந்தான். ஆனால் அசீரியர்களோ அவன் இறந்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நாட்டை ‘உம்ரியின் வீடு’ என்றே தங்கள் கல்வெட்டுகளில் அழைத்தனர். 1868இல் யோர்தானுக்குக் கிழக்கே தீபானில் வெளிப்பட்டு, இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் மோவாப் அரசன் மேசாவின் கல், இஸ்ரவேலின் அரசன் உம்ரி மோவாபை நெடுநாள் ஒடுக்கினான் என்று பகைவன் வாயாலேயே சொல்கிறது. உம்ரியின் மகன் ஆகாபை நாம் யேசபேலின் கணவனாகவும் நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பறித்தவனாகவும் மட்டுமே அறிவோம். கி.மு. 853இல் கர்கார் போரில் அசீரிய மன்னன் மூன்றாம் சல்மனாசாரை எதிர்த்து நின்ற கூட்டணியில் ஆகாபின் பங்கு 2,000 இரதங்களும் 10,000 வீரர்களும் என்று அந்த மன்னனின் கல்வெட்டு கூறுகிறது. தமஸ்குவுக்கே 1,200 இரதங்கள்தான். இரதக் கணக்கைப் பற்றி ஐயம் எழுப்புவோர் இருந்தாலும், பெரும் பேரரசு ஒன்று தன் முதன்மை எதிரிகளுள் ஒருவனாக அவனைக் கருதியது என்பதில் மாற்றமில்லை. அந்தப் பட்டியலில் யூதாவின் பெயர் இல்லை. அந்தப் போரைப் பற்றி விவிலியத்தில் ஒரு சொல்கூட இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு விடை அந்நூல்களிலேயே இருக்கிறது. இராஜாக்களின் நூல் வடநாட்டு அரசர்களுள் பெரும்பாலோரின் மறைவிலும், அவர்களுடைய மற்றச் செயல்கள் இஸ்ரவேல் அரசர்களின் நாளாகமத்தில் எழுதப்பட்டிருக்கின்றன என்று வாசகரை அங்கே அனுப்புகிறது. அந்த நாளாகமம் நமக்குக் கிடைக்கவில்லை. நம் கையில் இருப்பது, எருசலேம் ஆலயம் ஒன்றே வழிபாட்டுக்குரிய இடம் என்று உறுதியாக நம்பியவர்கள், பெத்தேலிலும் தாணிலும் யெரொபெயாம் நிறுவிய பொற்கன்றுகளை அளவுகோலாக வைத்து எழுதிய தீர்ப்பு. சமய நூல் என்ற அளவில் அதை நான் வணங்கி வாசிக்கிறேன். ஆனால் வரலாறு எழுத வருபவர் மற்றச் சான்றுகளையும் அருகில் வைத்தாக வேண்டும். 1993இல் தாண் அகழாய்வில், ஆவ்ராகாம் பிரான் தலைமையில், பிற்காலச் சுவர் ஒன்றில் கட்டுமானக் கல்லாகச் செருகப்பட்டிருந்த கருங்கல் துண்டு கிடைத்தது. தமஸ்கு அரசன் ஆசகேலுடையது என்று பெரும்பாலோர் கருதும் அந்த அரமேயக் கல்வெட்டு, ‘இஸ்ரவேலின் அரசன்’ என்றும் ‘தாவீதின் வீடு’ என்றும் இரண்டையும் தனித்தனியே குறிக்கிறது. அண்டை நாட்டானுக்கு அவை இரு நாடுகளாகவே தெரிந்தன.

அந்த இரு நாடுகளும் ஒன்றையொன்று நடத்திய விதத்தையும் சொல்லவேண்டும். வடக்கின் அரசன் பாஷா எருசலேமுக்குப் போக்குவரத்தை அடைக்க ராமாவில் கோட்டை கட்டத் தொடங்கியபோது, யூதாவின் அரசன் ஆசா ஆலயத்தில் மீந்திருந்த பொன்னையும் வெள்ளியையும் எடுத்துத் தமஸ்குவின் பெனாதாத்துக்கு அனுப்பி, வடக்கைப் பின்புறமிருந்து தாக்கச் செய்தான். பாஷா பின்வாங்கியதும், ராமாவின் கற்களையும் மரங்களையும் யூதா மக்கள் எல்லாரையும் அழைத்து அள்ளிவரச் செய்து கேபாவையும் மிஸ்பாவையும் கட்டினான். பின்னொரு காலத்தில் யூதாவின் அமத்சியா வீணாகப் போருக்கு அழைத்தபோது, வடக்கின் யோவாஸ் லீபனோனின் முட்செடி கேதுருவிடம் பெண் கேட்ட கதையைச் சொல்லியனுப்பி எச்சரித்தான். கேளாமல் வந்தவனைப் பெத்ஷிமேசில் தோற்கடித்து, எருசலேமின் மதிலில் 400 முழ நீளத்தை இடித்துப் போனான். இடையே உறவும் இருந்தது. ஆகாபின் குடும்பத்துப் பெண் அத்தாலியாள் யூதாவின் அரசியாகி, ஆறு ஆண்டுகள் தானே ஆண்டாள். ஆகவே இது தாய்நாடும் கலகக்காரரும் என்ற உறவன்று. சமயத்துக்கு ஏற்ப மணமும் போரும் செய்துகொண்ட இரு அண்டை நாடுகளின் உறவு.

அசீரியாவுக்கு வழிகாட்டியதிலும் இதே பகை வேலை செய்தது. கி.மு. 734 அளவில் வடக்கின் பெக்காவும் தமஸ்குவின் ரேத்சீனும் சேர்ந்து எருசலேமை நெருக்கியபோது, யூதாவின் ஆகாஸ், நான் உம்முடைய ஊழியன், உம்முடைய மகன் என்று அசீரியாவின் திகிலாத்பிலேசருக்கு ஆலயப் பொன்னோடு தூது அனுப்பினான். கலிலேயாவும் கீலேயாத்தும் அப்போதே வடக்கின் கையைவிட்டுப் போயின. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே வடக்கின் அரசன் மெனாகேம் அதே அசீரியனுக்கு 1,000 தாலந்து வெள்ளி செலுத்தியிருந்தான். வசதி படைத்தவர்களிடம் தலைக்கு ஐம்பது சேக்கல் வீதம் பிரித்தான் என்கிறது விவிலியம். தாலந்துக்கு 3,000 சேக்கல் என்று வைத்தால் அத்தொகையைக் கொடுக்கக்கூடியவர்கள் 60,000 பேர் அந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும்.

அந்தச் செல்வத்தின் ஒரு கீற்றைச் சமாரியாவின் ஓட்டுச் சில்லுகளில் காணலாம். 1910இல் அரண்மனைப் பகுதியைத் தோண்டிய ஹார்வர்டு குழுவினர், மையால் எழுதப்பட்ட பானை ஓடுகளைக் கண்டெடுத்தனர். பத்தாம் ஆண்டில், இன்ன ஊரிலிருந்து, இன்னாருக்கு, பழைய திராட்சரசம் ஒரு சாடி. இன்னொன்றில், சுத்திகரித்த எண்ணெய் ஒரு சாடி. அவ்வளவுதான் செய்தி. அந்தப் பெயர்களில் கர்த்தரின் பெயரைத் தாங்கியவையும் கானானியத் தெய்வமான பாகாலின் பெயரைத் தாங்கியவையும் கலந்தே வருகின்றன. மதப் போராட்டத்தைத் தீர்க்கதரிசிகளின் சொற்களில் வாசித்தவருக்கு, ஒரு கணக்கர் எவ்வித உணர்ச்சியும் இன்றி எழுதிவைத்த அந்தப் பெயர்கள் நாட்டின் உண்மை நிலையைக் காட்டும். அதே சமாரியாவில் கிடைத்த தந்தச் செதுக்கல்கள், தந்தக் கட்டிலில் படுத்துக் கிண்ணங்களில் மது அருந்துவோரைத் தீர்க்கதரிசி ஆமோஸ் சாடியது வெறும் உருவகமன்று என்பதைக் காட்டுகின்றன. ஆமோஸ் யூதாவின் தெக்கோவாவைச் சேர்ந்தவர். ஏழையை ஒரு சோடு பாதரட்சைக்கு விற்கிறீர்கள் என்று பெத்தேலில் அவர் பேசியபோது, அங்கிருந்த ஆசாரியன், உன் யூதாவுக்கு ஓடிப்போய் அங்கே பிழைத்துக்கொள், இது அரசனின் ஆலயம் என்று விரட்டினான். வேற்று நாட்டவனைப் பார்த்துப் பேசும் பேச்சு அது. வடக்கைப் பற்றிப் பரிந்து எழுதும் நான், சாலொமோனின் சுமையை எதிர்த்துப் பிறந்த அரசே பின்னாளில் தன் ஏழைகளை நசுக்கியது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

சமாரியா கி.மு. 722 அளவில் அசீரியரிடம் வீழ்ந்தது. இரண்டாம் சர்கோனின் கல்வெட்டு 27,290 பேரை நாடுகடத்தியதாகக் கூறுகிறது. நேபுகாத்நேச்சார் எருசலேமை அழித்தது கி.மு. 586இல், அதாவது ஏறத்தாழ 135 ஆண்டுகள் கழித்து. அவன் கொண்டுபோனவர்கள் யூதாவின் மக்கள், எரேமியாவின் நூல் மூன்று தவணைகளாகத் தரும் எண்ணிக்கையில் மொத்தம் 4,600 பேர். இரண்டும் வேறு பேரரசுகள், வேறு நூற்றாண்டுகள், வேறு மக்கள். பாபிலோனிலிருந்து பாரசீக மன்னன் கோரேசின் அனுமதியோடு திரும்பியவர்களும் பெரும்பாலும் யூதாவினரே.

வடகோத்திரத்தார் முழுவதுமாக மறைந்துவிட்டனர் என்று அடுத்த பகுதியில் எழுதப்படாமல் இருக்கவும் வேண்டிக்கொள்கிறேன். 27,290 என்பது பெரிய எண்; ஆயினும் அது நாட்டின் மக்கள் அனைவரும் அல்ல. பலர் நிலத்திலேயே தங்கினர். பலர் தெற்கே வந்து சேர்ந்தனர். எருசலேம் அந்த நூற்றாண்டில் மேற்கு மலைமீது விரிந்து பெருத்ததற்கு அவர்களும் காரணம் என்று பல தொல்லியலாளர்கள் கருதுகின்றனர். வடநாட்டுத் தீர்க்கதரிசிகளான எலியா, எலிசாவின் கதைகளும் ஓசியாவின் வாக்குகளும் யூதாவின் ஏடுகளில் பிழைத்ததற்கும் அவர்களே வழியாக இருந்திருக்க வேண்டும். எப்பிராயீம், மனாசே கோத்திரத்தாரின் வழிவந்தோர் என்று தங்களைக் கூறிக்கொள்ளும் சமாரியர் ஆயிரத்துக்கும் குறைவானவர்களே ஆனாலும், இன்றும் நாப்ளஸுக்கு அருகே கெரிசீம் மலையிலும் இஸ்ரேலின் ஹோலோனிலும் வாழ்கின்றனர். பஸ்காவை அந்த மலைமீதே கொண்டாடுகின்றனர்.

எரேமியாவின் 41ஆம் அதிகாரத்தைக் கட்டுரையாளர் ஒருமுறை வாசிக்கட்டும். எருசலேம் எரிந்த பின்பு, சீகேமிலிருந்தும் சீலோவிலிருந்தும் சமாரியாவிலிருந்தும் எண்பது பேர், தாடியைச் சிரைத்து, உடையைக் கிழித்துக்கொண்டு, காணிக்கையும் தூபவர்க்கமும் ஏந்திக் கர்த்தரின் ஆலயத்துக்கு வருகின்றனர். வடநாடு அழிந்து ஐந்து தலைமுறைக்குப் பிறகு வந்தவர்கள் அவர்கள். பாபிலோன் நியமித்த ஆளுநர் கெதலியாவைக் கொன்றிருந்த அரச வம்சத்து இஸ்மவேல், அவர்களை மிஸ்பாவுக்குள் அழைத்துச் சென்று வெட்டினான்; வயலில் கோதுமை, வாற்கோதுமை, எண்ணெய், தேன் ஆகியவற்றைப் புதைத்து வைத்திருக்கிறோம் என்று சொன்ன பத்துப்பேர் மட்டும் தப்பினர். பிணங்கள் வீசப்பட்ட குழி எது என்பதையும் அந்நூல் குறித்துவைத்திருக்கிறது: இஸ்ரவேலின் பாஷாவுக்கு அஞ்சி ஆசா வெட்டிய அதே குழி. பாபிலோன் சிறையிருப்பைப் பற்றிய பகுதியில் இந்த எண்பது பேருக்கும் சில வரிகள் ஒதுக்கப்பட வேண்டும் என்றும், இரு நாடுகளின் எல்லைகளையும் தனித்தனி நிறத்தில் காட்டும் வரைபடம் ஒன்று உடன் வெளியாக வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்